கட்டுமரமும் சுருதியும்: ஒரு மாதிரிப் பந்தயப் படகை முன்வைத்துச் சில எண்ணங்கள்

கரையில் நின்று ரேடியோ அலைவழி இயக்கப்படும் மாதிரிப் பந்தயப் படகை நம் கல்வி நிறுவனங்கள் பொம்மை என்றே கருதுகின்றன. தொழில்நுட்ப விழாவில் அதற்கு அரைநாள் ஒதுக்குவார்கள். முதலில் வந்த படகுக்குக் கோப்பை கொடுப்பார்கள். மறுநாள் அது மறக்கப்படும். ஆனால் அத்தகைய படகின் வேகத்தையும் நிலைத்தன்மையையும் ஒன்றுக்கொன்று இணக்கிச் சீர்செய்யும் வேலை, இளங்கலை நிலையில் ஒரு மாணவர் மேற்கொள்ளக்கூடிய மிக நேர்மையான ஆய்வுப் பயிற்சிகளுள் ஒன்று என்பது என் துணிபு. அந்த வேலைக்கு உரிய மதிப்பெண்ணும் உரிய மொழியும் கிடைக்கவில்லை என்பதே இப்பதிவின் முறையீடு.

மொழியியல் படித்தவனுக்குப் படகில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கைவேலை செய்வோர் தம் கருவிகளைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பது மொழியியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அத்துடன், உலகெங்கும் இப்பந்தயங்களில் ஓடும் ஒரு படகு வகையின் பெயர் நம் கடற்கரையிலிருந்து சென்றது. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் படகின் சிக்கலைப் பார்த்துவிடுவோம். அது புரியாமல் மேற்கொண்டு சொல்லும் எதுவும் நிற்காது.

நீரில் செல்லும் எந்த உடலும் தனக்கு முன்னே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது, படகு தானே எழுப்பிய அலைப்பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. 60 செ.மீ. நீர்க்கோடு கொண்ட ஒரு மாதிரிப் படகுக்கு அந்த எல்லை வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர், அதாவது மணிக்கு 3.5 கி.மீ. நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு! அதற்கு மேல் செல்ல வேண்டுமானால் படகு நீரைப் பிளந்துகொண்டு போகாமல், தன் அலையின் மேலேறி, நீர்ப்பரப்பின் மீது சறுக்கிச் செல்ல வேண்டும். பந்தயப் படகின் அடிப்பகுதி தட்டையாகவோ ஆழமான வி வடிவிலோ கூரிய விளிம்புகளோடு செதுக்கப்படுவது இதற்காகவே.

சறுக்கத் தொடங்கியதும் புதிய சிக்கல் பிறக்கிறது. வேகம் வேண்டுமானால் நீரைத் தொடும் பரப்பு குறைய வேண்டும். அப்போதுதான் உராய்வு குறையும். ஆனால் படகை நேராக நிறுத்துவதும் அதே தொடுபரப்புத்தான். அதைக் குறைக்கக் குறைக்கப் படகு தன் பிடிமானத்தை இழக்கிறது. இவ்வேலையின் சாரம் முழுதும் இந்த ஒரு முரண்பாட்டில் அடங்கும். எவ்வளவு நீரை விட்டுக்கொடுக்கலாம், எவ்வளவை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே கேள்வி. அதற்கான விடை படகுக்குப் படகு, குளத்துக்குக் குளம், காற்றுக்குக் காற்று மாறும்.

மாதிரியை வைத்து உண்மையான கப்பலை அறியலாம் என்பதை 19ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபுரூடு. 1867இல் அவர் ‘ஸ்வான்’, ‘ரேவன்’ என்னும் இருவேறு வடிவ மாதிரிகளை ஆற்றில் இழுத்துச் சோதித்தார். ஒரு வேகத்தில் சிறந்து விளங்கிய வடிவம் வேறொரு வேகத்தில் பின்தங்கியது. எல்லா வேகத்துக்கும் சிறந்த ஒரே வடிவம் உண்டு என்ற நம்பிக்கை அதனோடு ஆட்டங்கண்டது. பின்னர் டார்க்கீ நகரில் சோதனைத் தொட்டி ஒன்றை அமைத்துப் பணியைத் தொடர்ந்தார். இன்று சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும் விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்திலும் இருக்கும் இழுவைத் தொட்டிகள் அந்த மரபின் வழி வந்தவையே.

ஃபுரூடின் விதி எளிது. ஒத்த நடத்தை தரும் வேகம், நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். இதை நம் படகுக்குப் பொருத்திப் பாருங்கள். 60 செ.மீ. நீளமுள்ள மாதிரி மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஓடினால், அது 6 மீட்டர் நீளமுள்ள படகு மணிக்கு ஏறத்தாழ 221 கி.மீ. வேகத்தில் ஓடுவதற்கு நிகர். 2018 நவம்பரில் அமராவதியில் கிருஷ்ணை ஆற்றில் நடந்த எஃப்1எச்2ஓ உலகப் பந்தயத்தின் படகுகள் ஏறக்குறைய அந்த நீளமும் அந்த வேகமும் கொண்டவை. ஆக, குளத்தங்கரையில் ஒரு மாணவர் கையாள்வது சிறுபிள்ளை விளையாட்டின் இயற்பியலன்று. மனித உயிர் பணயமாக இருக்கும் இடத்தின் இயற்பியலை, உயிர்ப்பணயம் இல்லாமல் அவர் கையாள்கிறார்.

அந்தப் பணயம் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்டு கேம்பெல் தம் ‘புளூபேர்டு’ படகில் மணிக்கு 480 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் சென்றபோது, அதன் முன்பகுதி நீரைவிட்டு எழுந்தது, படகு பின்புறமாகப் புரண்டு நொறுங்கியது, அவர் உயிரிழந்தார். வேகம் இருமடங்கானால் காற்றின் தூக்குவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 50 கி.மீ.யிலிருந்து 60 கி.மீ.க்குப் போனாலே தூக்குவிசை 44 விழுக்காடு கூடுகிறது. படகின் எடையோ மாறுவதில்லை. ஏதோவொரு வேகத்தில் காற்று எடையை வென்றே தீரும்.

இங்கேதான் மொழி குறுக்கே வருகிறது. படகு கவிழ்வதற்கு ஆங்கிலப் பேச்சில் பெரும்பாலும் ‘ஃபிளிப்’ என்ற ஒரே சொல் போதுமானதாகிவிடுகிறது. எப்படிக் கவிழ்ந்தது என்று விளக்கத் தனிக் கலைச்சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. தமிழ் பேசும் குழந்தைக்கோ குப்புற விழுவதும், மல்லாக்க விழுவதும், ஒருக்களித்துச் சாய்வதும் வெவ்வேறு நிகழ்வுகள். உடல் எந்த முகமாகத் தரையைத் தொடுகிறது என்பதை நம் அன்றாடச் சொற்களே பிரித்துச் சொல்லிவிடுகின்றன. பந்தயப் படகுக்கு நேரும் மூன்று முதன்மையான விபத்துகளும் இவையே. மூக்கு நீரில் குத்திப் பாய்ந்தால் அது குப்புற விழுதல். மூக்கைக் காற்று தூக்கிப் பின்புறமாகப் புரட்டினால் அது மல்லாத்துதல். திருப்பத்தில் ஒரு விளிம்பு ஊன்றி உருண்டால் அது ஒருக்களித்தல்.

இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் நோயை அறிந்தவர் ஆகிறார். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. குப்புற விழும் படகுக்கு எடை பின்னே போக வேண்டும். மல்லாக்க விழும் படகுக்கு எடை முன்னே வர வேண்டும். ஒருக்களிக்கும் படகுக்குத் திருப்பத்தில் பக்கவாட்டுப் பிடிமானம் தரும் தகடு சரியாக அமைய வேண்டும். ‘கவிழ்ந்துவிட்டது’ என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதியவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. ‘மல்லாந்தது’ என்று எழுதியவருக்குத் தெரியும்.

விபத்துக்கு முன் வரும் அறிகுறிகளுக்கும் பெயர் வேண்டும். நேராக ஓடும்போதே மூக்கு எழுந்து தணிந்து, எழுந்து தணிந்து துள்ளுவதைப் பந்தயக்காரர்கள் ‘போர்ப்பாய்சிங்’ என்கிறார்கள். கடற்பன்றி எனப்படும் ஓங்கில் வகை உயிரின் துள்ளலிலிருந்து வந்த சொல் அது. நாம் அதை ‘ஓங்கில் துள்ளல்’ என்று சொல்லலாம். ஓங்கிலைக் கடலில் கண்ட எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. வி வடிவப் படகு வேகத்தின் உச்சத்தில் இடவலமாக மாறி மாறிச் சாய்ந்து தத்தளிப்பது ‘சைன் வாக்’. தாராவியில் ஒரு பட்டறைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “வாத்து மாதிரி நடக்குது” என்றார். ‘வாத்துநடை’ என்பதைவிடச் சிறந்த கலைச்சொல்லை எந்தக் குழுவும் உருவாக்கிவிடாது என்று நினைக்கிறேன்.

சீர்செய்யும் வேலை எவ்வாறு நடக்கிறது என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் ஒழுங்கில்தான் என் வாதம் தங்கியிருக்கிறது.

முதலில் எடைமையம். பொதுவாக அது படகின் பின்விளிம்பிலிருந்து மொத்த நீளத்தின் 30 விழுக்காடு அளவில் இருக்குமாறு தொடங்குவார்கள், 60 செ.மீ. படகில் அது 18 செ.மீ. அதை மாற்ற எளிய வழி மின்கலத்தை நகர்த்துவது. 1.5 கிலோ எடையுள்ள படகில் 300 கிராம் மின்கலத்தை 2 செ.மீ. முன்னே தள்ளினால் எடைமையம் 4 மி.மீ. மட்டுமே நகரும். அந்த 4 மி.மீ. ஒரு படகை ஓங்கில் துள்ளலிலிருந்து காப்பாற்றப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் அளவு கடந்து முன்னே தள்ளினால் தொடுபரப்பு கூடி வேகம் செத்துப்போகும்.

அடுத்தது உந்துதண்டின் உயரமும் சாய்வும். பந்தயப் படகின் சுழலி பாதி நீருக்குள்ளும் பாதி நீருக்கு மேலுமாகச் சுழல்வது. தண்டின் பின்முனையைச் சற்றே தாழ்த்திச் சாய்த்தால் உந்துவிசை பின்பகுதியைத் தூக்கும்; அதனால் மூக்கு தாழும். பின்முனையை உயர்த்தினால் பின்பகுதி அழுந்தி மூக்கு எழும். ஒரு பாகை மாற்றமே படகின் குணத்தை மாற்றிவிடுகிறது.

பின்னர் சுழலியின் முறுக்கம். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழலும் சுழலி, படகின் உடலை எதிர்த்திசையில் உருட்டப் பார்க்கும். இடப்பக்கம் நீரில் அழுந்தும். இதைச் சமன்செய்ய வலப்பக்கம் சிறிது எடை சேர்ப்பதும், பின்விளிம்பிலுள்ள சமன்தகடுகளை வெவ்வேறு அளவில் வளைப்பதும் உண்டு.

கடைசியாக, ஆசை மிகுந்தவர்கள் முதலில் கைவைக்கும் இடம்: சுழலியின் அளவு. சுழலி உறிஞ்சும் திறன் அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 40 மி.மீ. சுழலியைக் கழற்றி 42 மி.மீ. சுழலியை மாட்டினால் விட்டம் 5 விழுக்காடு கூடுகிறது. அதே சுழற்சி வேகத்தில் தேவைப்படும் திறனோ ஏறத்தாழ 28 விழுக்காடு கூடுகிறது. மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கருகும் கதைகள் பல இந்த 2 மி.மீ.இல் தொடங்குகின்றன.

காகிதக் கணக்கின் எல்லையையும் இங்கே பார்க்கலாம். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு 2,000 சுற்று என்று குறிக்கப்பட்ட மோட்டார், நான்கு அறை லித்தியம் பாலிமர் மின்கலத்தின் 14.8 வோல்ட்டில், சுமையின்றி நிமிடத்திற்கு 29,600 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 56 மி.மீ. முன்னேறும் சுழலியைப் பொருத்தினால் காகிதத்தில் மணிக்கு ஏறத்தாழ 99 கி.மீ. வரும். நீரில் அது வராது. சுமையில் சுழற்சி குறையும், சுழலி நீரில் வழுக்கும், உடல் உராயும். காகிதத்துக்கும் குளத்துக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை அளந்து, காரணங்களைப் பிரித்துப் பங்கிட்டுக் காட்டுவதுதான் கல்வி. படகில் வைத்த சிறு ஜி.பி.எஸ். கருவி வேகத்தைச் சொல்லும். ஏன் என்பதை மாணவரே சொல்ல வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு கட்டளைதான் உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, மீண்டும் ஓட்டு. மின்கலத்தையும் நகர்த்தி, தண்டையும் சாய்த்து, சுழலியையும் மாற்றிவிட்டு, “இப்போது நன்றாக ஓடுகிறது” என்பவர் எதையும் கற்றவராகார். முனைவர் பட்ட நெறிமுறை வகுப்பில் நாம் பல வாரங்கள் படிக்கும் மாறிகளின் கட்டுப்பாடு என்பதை ஒரு குளம் ஒரே மாலையில் கற்பித்துவிடும். நீர் எவருடைய பதவிக்கும் தலைவணங்குவதில்லை.

‘டியூனிங்’ என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்கலாம். ஆங்கிலத்தில் இசைக்கருவிக்கும் இயந்திரத்துக்கும் அதே சொல். தமிழில் இசைக்கருவிக்குச் சுருதி கூட்டுகிறோம். இயந்திரத்துக்கு ‘டியூனிங் பண்ணுகிறோம்’. மாட்டுங்காவை ஒட்டிய சண்முகானந்தா அரங்கிலோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் மேடையிலோ கச்சேரிக்கு முன் மிருதங்கக் கலைஞர் தம் கருவியைச் சேர்ப்பதைக் கவனியுங்கள். வலந்தலையின் விளிம்பைக் கல்லாலும் கட்டையாலும் தட்டித் தட்டி ஏற்றி இறக்குகிறார். தொப்பியில் ரவைப் பசையை அப்பி, கூடினால் கொஞ்சம் கிள்ளி எடுக்கிறார். சிறிதளவு எடை, ஒரு தோலின் அதிர்வை மாற்றுகிறது. வலப்பக்கம் சில கிராம் ஈயத்தை ஒட்டி, ஓட்டிப் பார்த்து, கிள்ளி எடுக்கும் படகுக்காரரும் செய்வது அதே செயல்தான். அவையினர் முன்னதைக் கலை என்று அமைதியாகக் காத்திருக்கிறார்கள். பின்னதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். செயலில் இல்லாத வேறுபாட்டைப் பெயர் உண்டாக்கியிருக்கிறது.

இனிக் கட்டுமரத்துக்கு வருகிறேன். ரேடியோ படகுப் பந்தயத்தில் இரட்டை உடல் கொண்ட வகையைக் ‘கேட்டமரான்’ என்றும், செல்லமாகக் ‘கேட்’ என்றும் அழைக்கிறார்கள். இரு குறுகிய உடல்கள், நடுவே காற்று நுழையும் சுரங்கம். அந்தக் காற்று படகைத் தாங்கித் தூக்குவதால் வேகம். அமராவதியில் ஓடியவையும் அவ்வகையே. பெயர் நம்முடையது, பொருள் நம்முடையதன்று. சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரம் இரட்டை உடல் படகே அன்று. அது மிதப்புத் தன்மையுள்ள மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்துக் கட்டைகளை உலர்த்துவார்கள். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல் இக்கரையின் மிதவையை இப்பெயரால் குறிப்பிட்டு ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகம் செய்தது. 1804இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தின் மீது ஏவப்பட்ட வெடிமிதவைகளுக்கும் ஆங்கிலேயர் இதே பெயரைச் சூட்டினர். 1876இல் நத்தானியல் ஹெரஷாஃப் வடிவமைத்த ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடல் பாய்க்கப்பல் நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றை வென்றது. அத்தகைய படகுகள் கேட்டமரான் என்று அறியப்படலாயின.

இதைச் சொல்லும்போது ‘அன்றே நாம் கண்டுபிடித்தோம்’ என்ற முழக்கத்துக்கு நம்மவர் தாவிவிடுகிறார்கள். அதற்கு இடமில்லை. இரட்டை உடல் படகின் மரபு பசிபிக் தீவினருடையது. நாம் கொடுத்தது சொல் மட்டுமே. சொல் பயணம் போகும்போது பொருள் கைமாறும் என்பதற்கு இது பாடநூல் எடுத்துக்காட்டு. நாமும் அப்படியே வாங்கியிருக்கிறோம்: நாம் தமிழ் என்றே நினைக்கும் ‘சுக்கான்’ அரபுச் சொல். கடல் தொழிலின் மொழி என்றுமே தூய்மையைக் காத்துக்கொண்டிருக்கவில்லை, தேவையைக் காத்தது. அந்த மனநிலையே நமக்கும் வேண்டும். படகின் முன்பகுதிக்கு அணியம், பின்பகுதிக்கு அமரம், அடிமரத்துக்கு ஏரா என்று கரையில் உயிரோடிருக்கும் சொற்கள் நம்மிடம் உள்ளன, அவற்றை எடுத்துக்கொள்வோம். லித்தியம் பாலிமருக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் புதுச்சொல் புனைந்து மாணவரை அச்சுறுத்த வேண்டியதில்லை.

மும்பைத் தமிழரின் பட்டறைப் பேச்சில் இது ஏற்கெனவே நிகழ்ந்துவருகிறது. “பேட்டரிய முன்னாடி தள்ளு”, “ப்ராப்ப பேலன்ஸ் பண்ணு”, “டிரிம் ஜாஸ்தி ஆயிடுச்சு, கொஞ்சம் தட்டி இறக்கு” என்கிறார்கள். பெயர்ச்சொற்கள் ஆங்கிலம்; இடையே இந்தி; வினையும் வேற்றுமையும் காரணகாரியமும் தமிழ். கருவியின் பெயர் எங்கிருந்து வந்தாலும், ‘தள்ளு’, ‘தட்டு’, ‘இறக்கு’, ‘தளர்த்து’ என்று செயலைச் சிந்திப்பது தாய்மொழியில்தான். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் பல்லாண்டுகளாகப் பெயர்ச்சொற்களையே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கின்றன. அறிவு வினைச்சொற்களில் குடியிருக்கிறது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும்!

இதே நகரில் புழங்கும் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும்: ‘ஜுகாட்’. தாராவியைப் பற்றி எழுதும் மேலாண்மைப் பேராசிரியர்கள் பலருக்கும் பிடித்த சொல். ஏழை ஒருவர் எதையோ ஒட்டவைத்து ஓடவைத்தால் அது ஜுகாட். அதையே ஆய்வகத்தில் செய்தால் அது புத்தாக்கம். புகழ்வதுபோலத் தாழ்த்தும் சொல் இது. நான் பார்த்த பட்டறைகளில், சுழலியின் இதழ்களை அரத்தால் சீவி, ஊசிமுனையில் நிறுத்தி எடை பார்த்து, கனத்த இதழின் பின்புறத்தை மட்டும் தேய்த்துச் சமன்செய்பவர் தற்செயலை நம்பி வேலை செய்வதில்லை. ஏன் தேய்க்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று கேட்டால் விடை வைத்திருக்கிறார். அவரிடம் இல்லாதது குறிப்பேடு ஒன்றுதான். நம் மாணவரிடம் குறிப்பேடு இருக்கிறது. அதில் எழுத எதுவும் இல்லை.

இதைக் கசப்போடுதான் சொல்கிறேன். இறுதியாண்டுச் செயல்திட்டங்கள் கடைகளில் ஆயத்தமாக விற்கப்படுவதை நாம் அனைவரும் அறிவோம். ஒரு நிறுவனத்தின் விழாவில், பெட்டியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த இறக்குமதிப் படகு முதற்பரிசு பெற்றதைப் பார்த்திருக்கிறேன். மூன்று முறை மல்லாந்து, நான்காவது முறை எல்லைக்கோட்டைக் கடந்த கைவேலைப் படகை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குழுவிடம் நடுவர்கள் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி: மூன்றாம் முறைக்கும் நான்காம் முறைக்கும் இடையில் எதை மாற்றினீர்கள்? அது கேட்கப்படவே இல்லை. வேகத்தை மட்டும் அளக்கும் போட்டி, பணத்தை அளக்கும் போட்டியாக முடிகிறது.

ஆகவே என் முன்மொழிவு இது. இத்தகைய போட்டிகளில் பாதி மதிப்பெண் குறிப்பேட்டுக்கு இருக்கட்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எதை மாற்றினோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்ற மூன்று வரிகள் போதும். எதிர்பார்ப்பு பொய்த்த ஓட்டத்துக்கும் முழு மதிப்பெண் உண்டு. பொய்த்ததன் காரணத்தைத் தேடினால் கூடுதல் மதிப்பெண். குறிப்பேடு எந்த மொழியிலும் இருக்கலாம். தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் கப்பல் மாதிரி அமைத்தல் போட்டி நடைபெறுகிறது. அதாவது மாதிரி செய்வதைப் பயிற்சியாக ஏற்கும் முன்மரபு நம் நாட்டிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் தயங்கக் காரணமில்லை.

எதிர்வாதங்களை நான் அறிவேன். முதலாவது செலவு. பந்தயத்துக்கான முழுக் கருவிகளும் மலிவானவை அல்ல என்பது உண்மை. ஆனால் கற்பதற்கு உச்சவேகம் தேவையில்லை. மணிக்கு 20 கி.மீ. ஓடும் சிறு படகும் தன் அலையைக் கடந்து சறுக்குகிறது. எடைமையத்தை மாற்றினால் குணம் மாறுகிறது. ஒரு துறைக்கு ஒரு படகு போதும். பத்துக் குழுக்கள் பத்து மாலைகளில் அதைச் சீர்செய்து, குறிப்புகளை ஒப்பிடலாம். அடுத்தவர் குறிப்பைப் படித்து அதே விளைவைப் பெற முடிகிறதா என்பதே ஆய்வின் கடைசித் தேர்வும்கூட.

இரண்டாவது, பாதுகாப்பு. லித்தியம் பாலிமர் மின்கலம் தவறாக மின்னேற்றப்பட்டால் தீப்பற்றும். நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் கூர்சுழலி விரலை வெட்டும். ஆகவே மின்னேற்றும்போது அருகில் ஆள் இருக்க வேண்டும். படகு கையிலிருக்கும்போது மின்கலம் இணைக்கப்படக் கூடாது. எவரும் நீரில் இருக்கையில் ஓட்டக் கூடாது. வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தை அனுமதிக்கும் நாம் இந்த விதிகளையும் கற்பிக்க முடியும்.

மூன்றாவதே உண்மையான தடை: நீர். தாராவியின் ஓரத்தில் மித்தி ஆறும் மாகிம் கழிமுகமும் இருக்கின்றன. அந்த நீரில் கைவைக்க எவரும் துணியார். போவாய் ஏரியில் ஆகாயத்தாமரை சுழலியைச் சுற்றிக்கொள்ளும், முதலைகளும் உண்டு. செம்பூரின் சரை குளம் விநாயகர் சிலைகளைக் கரைக்கும் இடம். மற்ற நாட்களில் அதன் கரை எவருக்கு உரியது என்ற கேள்விக்கு இடந்தரும் பொதுவெளி. மீனவரான கோலியர் தம் வலைகளோடு வாழ்ந்த தாராவிக் கோலிவாடா, இன்று பிள்ளைகள் நீரைத் தொட முடியாத இடமாக இருக்கிறது. ஒரு மாதிரிப் படகுக்கு இடம் தேடப் போனால் நகரம் தன் நீரை என்ன செய்திருக்கிறது என்பது கண்ணில் படுகிறது. அதுவும் ஒரு பாடமே. ஆனால் அந்தப் பாடத்தைப் படகு ஓட்டிக்கொண்டே படிக்கும் வாய்ப்பு நம் மாணவருக்கு வேண்டும். கல்லூரிகளின் நீச்சல் குளங்கள் குறைந்த வேகச் சோதனைக்குப் போதும்.

நான்காவதாக, ஆங்கிலம் தெரியாமல் இதில் முன்னேற முடியாது என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் கேள்வி எங்கே முடிவது என்பதைப் பற்றியதன்று. எங்கே தொடங்குவது என்பதைப் பற்றியது. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளை உயர்கல்வியில் தமிழைத் தொடரப் போவதில்லை. 1887இல் தொடங்கப்பட்டு இன்று மாட்டுங்காவில் இயங்கும் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியின் வாயில், தாராவியிலிருந்து நடந்து போகும் தொலைவுதான். அந்த நடைதூரத்தைக் கடப்பதற்குள் அந்தப் பிள்ளை தனக்கு எதுவும் தெரியாது என்று நம்பவைக்கப்படுகிறது. தந்தையின் பட்டறையில் கற்ற ‘தட்டு’, ‘தளர்த்து’, ‘சமன்பார்’ என்பவை அறிவியலின் வினைகளே என்று பதின்மூன்று வயதில் ஒருவர் சொல்லியிருந்தால், அந்த நம்பிக்கை அவ்வளவு எளிதில் வேரூன்றாது.

1898இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டியில் சிறு படகை விட்டு, கம்பியே இல்லாமல் அதை இயக்கிக் காட்டினார். ஆண்டின் இறுதிக்குள் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தொலைவிலிருந்து இயங்கும் இன்றைய கருவிகள் பலவற்றின் தொடக்கம், பார்வைக்குப் பொம்மைபோலிருந்த ஒரு படகு. பொம்மை என்று எதையும் ஒதுக்குவதற்கு முன் கல்வியாளர்கள் சற்று எண்ணிப் பார்க்க இது போதும்.

இப்பதிவைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வரும் ஆண்டு உங்கள் துறை விழாவில் குறிப்பேட்டுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி, இராமேசுவரம், குமரிக் கரைகளைச் சேர்ந்த நண்பர்களிடம் இன்னொன்று: படகு சாய்வதற்கும், துள்ளுவதற்கும், அலையேறுவதற்கும், சுமை மாற்றி வைப்பதற்கும் உங்கள் ஊரில் வழங்கும் வினைச்சொற்களை எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், எந்தச் சூழலில் சொல்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து, மாணவர்களுக்கான ஓட்டக் குறிப்பேட்டின் மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் ஆக்கிப் பொதுவில் வைக்க எண்ணியிருக்கிறேன்.